பதினெட்டால் பெருக்க வேண்டும்

மார்ச் 5, செவ்வாய்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். எலுமிச்சைச் சுவை என்று மேலே போட்டிருந்தது. எலுமிச்சைக்குத் தெரிந்தால் வழக்குத் தொடுக்கும். குடித்தபின் அசையாமல் உட்கார வேண்டும், நடுநடுவே ரத்தம் எடுப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும் எல்லோருக்கும் ஆறேழு மாதத்தில் இந்தச் சோதனை உண்டாம். எதிரே ஒரு பெண் குடித்த வேகத்தில் வாந்தியெடுத்துவிட்டாள். நாளை மறுபடி வரச் சொன்னதும் அழுதாள். நான் வாந்தியெடுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 7, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். "வேறு யாருடைய ரத்தமாவது மாறியிருக்குமா?" என்று கேட்டேன். நகராட்சி அலுவலகத்தில் என் வேலையே, கார் நிறுத்திய அபராதத்தை மறுத்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான். அவற்றில் பாதி, 'அந்தக் கார் என்னுடையதல்ல' என்றுதான் ஆரம்பிக்கும். இனி அவர்களிடம் கொஞ்சம் மரியாதையாக இருப்பேன்.

நவநீதனிடம் சொன்னேன். அவன் கூகுளில் பார்த்துவிட்டு, "டெலிவரி ஆனதும் போயிரும்னு போட்டிருக்கு" என்றான். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து மீதி இருந்த குலாப்ஜாமூனை எனக்காகத் தியாகம் செய்வதாகச் சொல்லித் தானே தின்றான்.

மார்ச் 14, வியாழன்

சர்க்கரை வகுப்பு. எட்டுப் பெண்கள். ஒரு பஞ்சாபி, இரண்டு நேபாளி, ஒரு வங்கதேசத்துக்காரி, ஒரு யாழ்ப்பாணத்துக்காரி, இரண்டு தெலுங்கு, நான். மேஜை நடுவே கொடிகளை மட்டும் நட்டிருந்தால் தெற்காசிய உச்சி மாநாடு. பிரான்வின் என்ற நர்ஸ், நரைத்த குடுமி, குரலில் அவசரமே இல்லை. உங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, உடல்வாகு அப்படி, உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்றார். எட்டுப் பேரும் ஒரே மாதிரித் தலையாட்டினோம். எட்டுப் பேரும் நம்பவில்லை.

பிறகு அரைக் கோப்பைச் சோறு எவ்வளவு என்று காட்டினார். எங்கள் வீட்டில் அந்த அளவில் ஊறுகாய் வைப்போம். யாழ்ப்பாணத்துக்காரி என் காதில், "இதென்ன, காகத்துக்கு வைக்கிற சோறே?" என்றாள்.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பிரான்வின் சொன்னார். குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறக்கும்போது தோள் சிக்கும், அப்புறம் இன்னும் ஏதோ. அந்தப் பகுதியை நான் சரியாகக் கேட்கவில்லை. பேனா கீழே விழுந்துவிட்டது. எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும்போது கையில் விரல் குத்தும் கருவி. அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் போய் நிற்க வேண்டும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் எண் வராது, வந்தாலும் நமக்குச் சாதகமாக வராது.

மார்ச் 15, வெள்ளி

ஒரு இட்லி சம்மதம். இரண்டு இட்லி குற்றம். மூன்றாவது இட்லியைப் பற்றித் தாசில்தாரிடம் பேசாமலிருப்பது நல்லது.

மார்ச் 23, சனி

அத்தை வந்துவிட்டார். நவநீதனின் அம்மா, துளசிமணி. கோபிச்செட்டிபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து அறையில் இருப்பவரிடமும் கடல் தாண்டிப் பேசுவதுபோல்தான் பேசுவார். விமான நிலையத்தில் பையைத் திறந்து சோதித்த அதிகாரி, பழுப்பாக இருந்த பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன என்றாராம். "கன்ட்ரி சுகர். கைண்ட்லி ஹோல்ட் ஆன்" என்று பதில் சொல்லிவிட்டு, அத்தை இன்னும் இரண்டு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறார். அதிகாரி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். எனக்கு இந்த நாட்டின் எல்லைப் பாதுகாப்பில் நம்பிக்கை போய்விட்டது.

"ஏன் சிந்து, வவுறு இத்தினியூண்டுதான் இருக்குது? சோறு கீறு திங்கறியா இல்லியா?"

"எனக்குச் சர்க்கரைன்னு போன்லயே சொன்னனுங்களே அத்தை."

"அது சர்க்கரை. இது நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடியில நானே போயி வாங்கியாந்தது. ரெண்டும் ஒண்ணா?"

காரில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். வழியில் பெட்ரோல் பங்கில் ஒருமுறை நிறுத்தச் சொன்னார், நாங்கள் குடியிருக்கும் டார்னெய்ட் வருவதற்குள் இன்னொரு முறை. போனமுறை பார்த்ததற்கு இப்போது மிகவும் மெலிந்திருக்கிறார். பொறாமையாக இருக்கிறது. நான் மட்டும் பூசணிக்காய்.

மார்ச் 26, செவ்வாய்

சாப்பாட்டுக்குப் பின் குத்தினேன். எட்டு. ஏழைத் தாண்டக் கூடாது.

"எட்டா?" அத்தை சிரித்தார். "நங்கையாளுக்கு எரநூத்தி நாப்பது. அவங்க பந்தியில உக்காந்து லட்டு திங்கறாங்க. நீ எட்டுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற!"

நங்கையா என்பது மாமனாரின் அக்கா. நாங்கள் பெரியத்தை என்போம். மாமனார் காலமான பிறகு குடும்பத்தில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையதுதான். அத்தை தினமும் அவருக்குப் போன் செய்து என் வயிற்று நிலவரம் ஒலிபரப்புகிறார்.

இந்த ஊர்க் கணக்கு வேறு, நம்மூர் எண் வேண்டுமானால் பதினெட்டால் பெருக்க வேண்டும் என்று விளக்கினேன். எட்டு என்பது நூற்று நாற்பத்து நான்கு. அத்தை காதில் வாங்கவில்லை. வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"நவநீதன் பொறக்கறப்ப நாலே முக்கா கிலோ. கோபி ஆஸ்பத்திரியில நர்சுக வரிசையில நின்னு பாத்துட்டுப் போனாளுக. அப்படிப் பெத்துக்கோணும்." கரண்டி நின்றது. "பெருசாப் பொறக்கறதெல்லாம் தங்கிருதுன்னும் சொல்ல முடியாது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

என்ன தங்குவது என்று கேட்க நினைத்தேன். தட்டில் கச்சாயம் வந்துவிட்டது. கவனம் போய்விட்டது.

ஏப்ரல் 3, புதன்

புகார்கள், முக்கியத்துவ வரிசையில் அல்ல. அத்தை தண்ணீர்க் குடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். கீழ்க் குளியலறைக் கதவு கோபி பஸ் ஸ்டாண்டுக் கதவு மாதிரி திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் குளிராம். இந்த ஊர் வெளிச்சம் சரியில்லையாம், டிவியில் எல்லாம் புகையாகத் தெரிகிறதாம். வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றுவதில்லை, துவைக்கக் கேட்டாலும் தருவதில்லை.

போதாததற்குக் கீழ்க் குளியலறையில் மட்டும் எறும்பு. மேலே ஒன்று கூட இல்லை. கடையில் மருந்து வாங்கி ஓரமெல்லாம் போட்டேன். மறுநாள் அவை மருந்தைச் சுற்றிக்கொண்டு போயின.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாப்பாடு எண்களை ஓரளவு அடக்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் பார்ப்பது மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் தூக்கத்தில் நான் எதுவும் தின்பதில்லை. அது நஞ்சுக்கொடி செய்யும் வேலை என்று சொல்லி பிரான்வின் இன்சுலின் எழுதிக்கொடுத்தார். படுக்கும்முன் தொடையில் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கியதில் கொஞ்சம் கண் கலங்கியது. இன்று சமையல் தயிர்சாதம் என்பது வேறு விஷயம்.

அத்தை உடனே பெரியத்தைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், காதில் வைத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"எங்கூட்டு மருமகளுக்கு ஊசி போடச் சொல்லிட்டாங்க நங்கையா."

"ஊசியா? அடப் பாவமே. அவ எந்நேரமும் கம்ப்யூட்டரு முன்னாலயே உக்காந்திருக்கறாளே, அதுனாலதான். அதுல வர்றது புள்ளைக்கு ஆகுமா? வேலையப் பெருசுன்னு நெனச்சா இப்படித்தான். உனக்குத் தெரியாததா துளசி?"

அத்தை போனைக் கையில் எடுத்தார். பிறகு, "அப்படியெல்லாம் பேசாதீங்க நங்கையா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அத்தை தானாக இணைப்பைத் துண்டித்து இன்றுதான் பார்க்கிறேன். கோபமா என்று கேட்டேன். குளியலறைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கூடவே எனக்குக் கட்டுச்சோறு. நம் பக்கத்தில் தாய் வீட்டார் செய்வது. என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை, அத்தை தானே எடுத்துச் செய்தார். விடியலிலேயே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு. கூடவே ஒப்புட்டு என்கிற போளி, பாயசம். பிரான்வின் படம் போட்டு மேலே சிவப்புக் கோடு இழுத்த எல்லாமே ஒரே மேஜையில். தெருவில் இருக்கும் நாலு தமிழ்க் குடும்பங்கள் வந்து, வளையல் போட்டு, எனக்கு ஊட்டிவிட வரிசையில் நின்றன. நான் ஒவ்வொருவரிடமும் ஒரு பருக்கை வாங்கிக்கொண்டேன். ஊட்டியவர்களின் முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ சாமியாராகப் போகிற மாதிரி இருந்தது.

எல்லோரும் போனபின் அத்தை ஒரு தட்டில் ஒப்புட்டும் பாயசமுமாக வந்தார்.

"இப்பவாவது தின்னு. யாரும் பாக்கல."

"வேண்டாங்கத்தை."

"எம்பட கையால செஞ்சது. ஒண்ணே ஒண்ணு."

"ஊசி போடறது நானு. தெனம் கையைக் குத்திக்கறது நானு. உங்களுக்கென்ன, செஞ்சு வெச்சுட்டுப் போயிருவீங்க!" கத்திவிட்டேன். ஒரு மாதப் பசி. "நீங்க ஒரே ஒரு தடவை குத்திப் பாருங்க, அப்பத் தெரியும்!"

"குத்து. எனக்கென்ன பயமா?" விரலை நீட்டினார்.

குத்தினேன். சத்தியமாக வலிக்கட்டும் என்றுதான் குத்தினேன். தாசில்தார் யோசித்தார். பத்தொன்பது என்றார்.

அத்தை சிரித்தார். "உன்றத விடப் பதினொண்ணு சாஸ்தி. அவ்வளவுதான?"

"கைல பாயசம் ஒட்டியிருக்கும்" என்றான் நவநீதன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் பத்தொன்பதுக்குப் பக்கத்தில்தான். நவநீதன் போனை எடுத்துப் பதினெட்டால் பெருக்கினான். திரையை அம்மா பக்கம் திருப்பினான்.

முந்நூற்று நாற்பத்திரண்டு.

"மிசினு கெட்டுப் போச்சு" என்றார் அத்தை. சிரிக்கவில்லை. காலுறை போட்ட காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர்க் குடம். கதவு. டிவிப் புகை. எறும்பு. எனக்கு எறும்பு மருந்து வாங்கத் தெரிந்தது. என் எண்களை மட்டும் உலகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அந்தக் குளியலறையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலுறையைக் கழற்றச் சொன்னேன். சுண்டு விரலில் ஆறாத புண். "ஊர்லயே இருந்தது. செருப்புக் கடிச்சது" என்றார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். ஈரான்காரப் பெண், அமைதியானவர். நான் மொழிபெயர்ப்பாளர். நவநீதன் வெளியே காரில், ஏதோ மீட்டிங்காம்.

புண்ணைப் பார்த்தார், மருந்து வைத்துக் கட்டினார். நல்லவேளை, எலும்புவரை போகவில்லை. மாத்திரை எழுதினார். இது நேற்று வந்ததல்ல, பல வருடமாக இருந்திருக்கும் என்றார். பிறகு வழக்கமான கேள்விகள். குழந்தை எத்தனை கிலோ பிறந்தது என்று கேட்டார். அத்தை எனக்காகக் காத்திருக்கவில்லை, "ஃபோர் பாயின்ட் செவன் ஃபைவ்" என்று எக்ஸ்சேஞ்ச் குரலில் பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படியானால் அந்தப் பிரசவத்தின்போதே உங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கலாம். அப்போது பரிசோதிக்காமல் விட்டிருப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் குழந்தை அப்படித்தான் பெருக்கும். பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளும். சில குழந்தைகள் பிழைப்பதில்லை. உங்கள் மகன் அதிர்ஷ்டசாலி."

மொழிபெயர்த்தேன். அத்தை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அப்ப டெலிபோன் இல்லீங்களா?"

"எந்த டெலிபோனுங்கத்தை?"

"கேளு சிந்து. காதுல ஹெட்போன் மாட்டுனா, அதுல வர்ற கரண்டு வவுத்துப் புள்ளைக்கு ஆகாதான்னு கேளு."

கேட்டேன். டாக்டர் இது வேடிக்கைப் பேச்சோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இல்லை. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், இத்தனை வருடம் கழித்து எதனால் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டெலிபோனால் இல்லை. அதை உறுதியாகச் சொல்வேன்."

நான் வாயைத் திறக்குமுன்பே அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"நவநீதனுக்கு முன்னால ஒரு பொண்ணு" என்றார் என்னிடம். "எம்பத்தேழுல. நல்ல ஒசரம், கொழுகொழுன்னு. தலை வந்திருச்சு, தோள் வரல. இழுத்தாங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்தா. பெரிய வவுறு, ரெண்டு உசுருக்குத் தின்னுன்னு நங்கையாதான் நெய்யும் சர்க்கரையுமா குடுத்தாங்க. செத்தப்பறம் நங்கையா சொன்னாங்க, இவ காதுல கம்பிய மாட்டிக்கிட்டு வேலை வேலைன்னு உக்காந்திருந்தா, கரண்டு பாஞ்சுதான் புள்ளை போச்சுன்னு. எல்லாரும் நம்புனாங்க. நானுந்தான்."

"வேலைய விட்டுருங்கன்னு சொல்லலீங்களா?"

"சொன்னாங்க. நான் விடல. ஹெட்போனைக் காதுல வெக்கறப்பெல்லாம் அவ நெனப்புதான். ஆனா விட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்ல?"

அத்தை என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். ஒரு வரியில் சொல்ல ஆரம்பித்தேன். வரவில்லை. டாக்டர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். வெளியே அடுத்தவர் காத்திருந்தார். யாரும் எங்களை எழுப்பவில்லை.

ஏப்ரல் 17, புதன்

அத்தை அவரைக்காய் நறுக்கியபடியே நவநீதனிடம் சொன்னார். உனக்கு ஒரு அக்கா இருந்தா என்று ஆரம்பித்து, வானிலை அறிக்கை மாதிரி சொல்லி முடித்தார். அவன் எழுந்தான். போய்ப் பாத்திரங்களைக் கழுவினான், ஏற்கெனவே கழுவி வைத்திருந்தவற்றையும் சேர்த்து. திருமணமாகி நாலு வருடத்தில் அவன் குக்கரைத் தேய்த்து இன்றுதான் பார்த்தேன். விசிலைத் தனியாகக் கழற்ற வேண்டும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

வீட்டில் இப்போது இரண்டு சர்க்கரைக்காரிகள். பொது விடுமுறை, மூன்று பேரும் வீட்டில். ராகிக் களி தின்றால் ஏறவே ஏறாது என்று அத்தை சவால் விட்டார். இருவரும் ஆளுக்கு ஒரு உருண்டை தின்று குத்தினோம். இருவருக்கும் ஏறியது. "களியுங்கூடவா துரோகம் பண்ணும்?" என்று அத்தை மனம் நொந்துபோனார். அடுத்து பச்சைப்பயறு கடைசல், கொஞ்சமாகச் சோறு. தாசில்தார் கையெழுத்துப் போட்டார். கைதட்டினோம்.

மாலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். கால் புண்ணுக்காக அத்தைக்குப் பெரிய மெத்தைச் செருப்பு, சேலைக்குமேல் நவநீதனின் குளிர்ச்சட்டை. இந்த நாட்டு அன்னங்களைப் பார்த்து, "ஏன் சிந்து, கறுப்பா இருக்குது? வெயில் அவ்வளவுமா?" என்றார். எதிரே நாயோடு வந்த கிழவர் குட் ஈவினிங் சொன்னார். "லைன் இஸ் கிளியர் சார்" என்றார் அத்தை. என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. அவரும் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

நவநீதனையும் பிடித்துவைத்துக் குத்தினோம். எல்லைக்கோட்டில் நிற்கிறான். வெண்ணெய் என்று பெயர் வைத்தால் வேறு என்ன ஆகும்? இனிமேல் அவனுக்கும் ஊறுகாய் அளவு சோறுதான். இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அது.

அத்தை திருடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டுச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்று கட்டில் அடியிலிருந்து கிடைத்தது. "எறும்புக்குப் போடறதுக்கு" என்றார்.

மே 8, புதன்

ஸ்கேன். குழந்தை கொஞ்சம் பெரிதுதான், பயப்படும்படி இல்லை. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் தோள் அகலம் எவ்வளவு என்று மூன்று முறை கேட்டதை நவநீதன் வீட்டில் வந்து சொல்லிக்காட்டினான். தகவலுக்காகக் கேட்டேன்.

மே 21, செவ்வாய்

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மருந்து கொடுத்து வரவழைப்பார்களாம். சர்க்கரைக்காரிகளுக்கு அப்படித்தானாம். கூட இரண்டு பேர் இருக்கலாம். அத்தை வர மாட்டேன் என்றார். "எனக்கு அந்த ரூமெல்லாம் ஆகாது." பிறகு பையைக் கட்டும்போது தன் கண்ணாடியையும் மாத்திரையையும் என் பையில் வைத்தார். நான் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

மே 24, வெள்ளி

நேற்று பிறந்தாள். எழுத உட்கார முடிகிறது, ஒருபக்கமாக.

வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் இரண்டாவது பெற மாட்டேன், நவநீதன் படித்தால் அவனும் பெற மாட்டான். ஒரு விஷயம் மட்டும். தலை வந்துவிட்டது என்றார்கள். நவநீதன் அழ ஆரம்பித்தான். அடுத்த தள்ளலில் வர வேண்டியது வரவில்லை. அதுவரை 'சூப்பர், கிரேட், லவ்லி' என்று கொஞ்சிக்கொண்டிருந்த மருத்துவச்சி பேச்சை நிறுத்தினாள். சுவரில் ஒரு பொத்தானை அமுக்கினாள். அறைக்குள் ஆட்கள் வந்தார்கள். கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தினார்கள்.

எனக்குப் புரிந்தது. மார்ச் மாதம் பேனா எடுக்கக் குனிந்திருந்தாலும் என் காது குனிந்திருக்கவில்லை.

மருத்துவச்சி ஒரு காலைப் பிடித்தாள். இன்னொரு காலைப் பிடிக்க வேண்டிய நவநீதன் சுவரோடு சுவராக நின்றான். "காலைப் பிடியுங்கள்! முட்டியை மார்புவரை தள்ளுங்கள்! விடாதீர்கள்!" என்று இங்கிலீஷில் கத்தினாள். மொழிபெயர்க்கும் நிலையில் நான் இல்லை. மூலையில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தார். என் காலைப் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்து, அழுத்தினார்.

"தள்ளு கண்ணு. நான் புடிச்சிருக்கறேன். விட மாட்டேன். தள்ளு."

வேறு யாரோ வயிற்றின் கீழே அழுத்தினார்கள். எத்தனை நேரம் என்று நவநீதன் சொல்ல மாட்டேன் என்கிறான். அப்புறம் ஏதோ வழுக்கியது. அப்புறம் அழுகை. அவளுடையது.

மூன்று கிலோ எழுநூறு. இரண்டு கையையும் ஆட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஆட்டுகிறாள், யாரையோ அடிக்கப் போகிற மாதிரி. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். குறைவு. இத்தனை நாள் என்னிடமிருந்து அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் அப்படி ஆகுமாம். பால் கொடுக்கச் சொன்னார்கள். மறுபடி பார்த்தபோது சரியாக இருந்தது. அதுவரை அத்தை உட்காரவே இல்லை. சரி என்று சொன்னதும், நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு, நர்சுக்குப் புரியாத தமிழில் நெடுநேரம் பேசினார். நர்ஸ் எல்லாவற்றுக்கும் 'யெஸ் டார்லிங்' என்றாள்.

எனக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள். நாலு துண்டு தின்றேன்.

நவநீதன் அறையின் மறுபக்கம் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, மெத்தைச் செருப்பைக் கழற்றி, கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவரைத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தை அவன் தலையில் கை வைத்திருந்தார்.

மே 26, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். பெரியத்தை வீடியோவில் வந்தார். ஊரில் அவர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அத்தை போனை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

"பொட்டப்புள்ளையா? போகுது, மகாலட்சுமி. எடை கம்மியாத் தெரியுதே. சோறே போடலியா அவளுக்கு?"

"அளவாச் சாப்புட்டா. அளவாப் பெத்திருக்கறா."

"ம்க்கும். சரி விடு. உங்கூட்டுல மொதப் பொண்ணு. நல்லா இருக்கட்டும்."

நான் பின்னால் சோபாவில் இருந்தேன். அத்தையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. இந்த வீட்டில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மொதப் பொண்ணு இல்லீங்க நங்கையா. ரெண்டாவது. மொதப் பொண்ணு எம்பத்தேழுல பொறந்தா. அவ போனது சர்க்கரையிலயா இருக்கும்னு டாக்டரு சொல்றாங்க. டெலிபோனுல இல்ல."

பெரியத்தையின் முகம் திரையில் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பின்னால் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.